'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அந்தச் சரக்கில் நஞ்சு இல்லை என்று அர்த்தமா?

#1 பருப்புமூட்டை

வணக்கம். நிலக்கடலைப் பருப்பை மொத்தமாக வாங்கி, தரம் பிரித்து அனுப்புகிற சின்னத் தொழில் என்னுடையது. மூன்று வாரமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 டன் சரக்கு, ஒரே லாட். அனுப்புவதற்கு முன்னால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கான சோதனைக்காக ஒரு லேபுக்கு மாதிரி கொடுத்தேன். 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது, அதையும் சேர்த்துச் சரக்கை அனுப்பிவிட்டேன். வாங்கியவர்கள் இறக்கும்போது அவர்களே மாதிரி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கிலோவுக்கு 38 மைக்ரோகிராம். லாட் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. என்னிடம் முதல் மாதிரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை வேறொரு லேபில் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் 'கண்டறியப்படவில்லை'.

இரண்டு லேப் இல்லை என்கிறது, ஒன்று இருக்கிறது என்கிறது. யார் சொல்வது பொய்? இரண்டுக்கு ஒன்று என்று சொல்லி நான் வாதாடலாமா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

#2 நேர்வழி

வாதாடுங்கள். இரண்டு ரிப்போர்ட் உங்கள் பக்கம் இருக்கும்போது ஏன் பயப்பட வேண்டும்? அப்புறம் இன்னொன்று, அந்தப் பருப்பை எப்படியும் வறுத்துத்தானே சாப்பிடப் போகிறார்கள். அந்தச் சூட்டில் எந்தப் பூஞ்சை பிழைக்கும்?

#3 குரோமட்டோ

கொஞ்சம் பொறுங்கள். நண்பரே, சண்டைக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முதல் லேபுக்குக் கொடுத்த மாதிரியை யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, எத்தனை கிலோ? வாங்கியவர்கள் எடுத்தது எத்தனை கிலோ?

#4 பருப்புமூட்டை

நான்தான் எடுத்தேன். மேல் வரிசையில் இருந்த இரண்டு மூட்டையைப் பிரித்து, கையால் அள்ளி, அரைக் கிலோ பையில் போட்டு அனுப்பினேன். எப்போதும் அப்படித்தான் அனுப்புவேன், யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்கள் ரிப்போர்ட்டில் 'மொத்த மாதிரி 20 கிலோ, 100 இடங்களில் எடுத்தது' என்று போட்டிருக்கிறது.

#5 குரோமட்டோ

அப்படியானால் மூன்று லேபும் உண்மையைத்தான் சொல்லியிருக்க வாய்ப்பு இருக்கிறது. 15 வருடமாகப் பூஞ்சை நஞ்சுச் சோதனையில்தான் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் கருவியைச் சந்தேகப்படுவார்கள், பையைச் சந்தேகப்பட மாட்டார்கள். விளக்கமாகவே எழுதுகிறேன், நீளம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஃப்ளாடாக்சின் மூட்டை முழுவதும் உப்புப்போல் பரவிக் கிடப்பதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை எந்தப் பருப்புக்குள் புகுந்ததோ அதில் மலைபோல் இருக்கும், பக்கத்துப் பருப்பில் ஒன்றுமே இருக்காது. 1960களிலேயே ஒவ்வொரு பருப்பாகப் பிரித்துச் சோதித்தார்கள். சில பருப்புகளில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராமுக்கு மேல் கிடைத்தது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு பருப்பு அரை கிராம் என்று வையுங்கள். அந்த அளவுக்குக் கெட்ட ஒரே ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. 20 கிலோவில் 40,000 பருப்பு. அதில் ஒன்று மட்டும் இப்படி, மீதி 39,999-ம் சுத்தம் என்றால்கூட, 20 கிலோவையும் சேர்த்து அரைத்தால் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு 4. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு 15. அமெரிக்காவில் 20. ஒரு பருப்பு இந்த மூன்று வரம்பையும் தாண்ட வைத்துவிடும்.

உங்கள் அரைக் கிலோ பையில் 1,000 பருப்புதான். அந்த ஒரு பருப்பு அதற்குள் வந்து விழ 40-ல் ஒரு வாய்ப்பு. அதாவது இப்படிப்பட்ட சரக்கிலிருந்து 40 பேர் அரைக் கிலோ அரைக் கிலோவாக அனுப்பினால், 39 பேருக்கு 'கண்டறியப்படவில்லை' வரும், நாற்பதாவது ஆளுக்கு 1,000 மைக்ரோகிராம் வந்து அவர் மயங்கி விழுவார். 40 ரிப்போர்ட்டிலும் ஒரு எண்கூடத் தவறு இல்லை. உங்கள் இரண்டாவது லேப் சோதித்தது முதல் பையின் மிச்சத்தை, அதனால் அதைத் தனிச் சாட்சியாக எண்ணவே கூடாது.

12 டன்னில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பருப்பு. 40,000-க்கு ஒன்று என்றால் 600 கெட்ட பருப்பு. அந்த 600-ம் யாரோ 600 பேர் வாய்க்குப் போகும்.

நேர்வழி நண்பருக்கு: சூட்டில் பூஞ்சை செத்துவிடும், சரி. ஆனால் அது விட்டுப்போன நஞ்சு சாகாது, அது உயிர் இல்லை, வெறும் மூலக்கூறு. வறுக்கும்போது ஓரளவு குறையும், ஆனால் நம்பிச் சாப்பிடும் அளவுக்கு அழியாது.

#6 நேர்வழி

கணக்கு புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு நுணுக்கமாகத் தேடித்தான் ஆக வேண்டுமா? ஒரு கிலோவில் சில மைக்ரோகிராம் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு. இதனால் நாளைக்கே யாராவது விழுந்து சாகிறார்களா?

#7 குரோமட்டோ

செத்திருக்கிறார்கள். 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் சரியாகக் காயாமல் வீட்டுக்குள் சேமித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேருக்குக் கல்லீரல் பாதித்தது, 125 பேர் இறந்தார்கள். அது மிக அதிக அளவில் உடனடியாகத் தாக்கிய கதை. நாம் பேசும் சின்ன அளவு வேறு விதமாக வேலை செய்யும், பல வருடம் கழித்துக் கல்லீரல் புற்றுநோயாக வரும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு அஃப்ளாடாக்சினின் புற்றுநோய் வீரியம் ஏறக்குறைய 30 மடங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவர் வீட்டில் யாரும் இருபது வருடத்துக்கு முன் தின்ற பருப்பை நினைக்க மாட்டார்கள், அதனால்தான் இது சத்தமில்லாமல் நடக்கிறது.

இந்த நஞ்சு இருப்பதே உலகத்துக்கு 1960-ல்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் சில மாதத்தில் செத்தன. தொற்றுநோய் என்று நினைத்தார்கள், பெயர் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே எழுதினார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு வரை போய்ப் பிடித்தார்கள். சாற்றைப் பிரித்த தகட்டைப் புற ஊதா ஒளியில் காட்டினால் சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. அதனால்தான் இன்றைக்கும் பி1, பி2, ஜி1, ஜி2 என்று பெயர், ஆங்கிலத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் முதல் எழுத்து. நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பழைய முறையையும் ஒருமுறை செய்து காட்டினார்கள். இருட்டறை, கையில் ஒரு கண்ணாடித் தகடு, விளக்கைப் போட்டதும் அடியில் இருந்து கால்வாசி உயரத்தில் ஒரு கடுகளவு நீலம் தெரிந்தது. அவ்வளவு அழகான நிறம். அது என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

#8 பெட்ரித்தட்டு

நுண்ணுயிர்ப் பக்கத்தில் இருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். 'கிருமி செத்துவிட்டால் போதும்' என்ற எண்ணத்தை உடைக்க ஒரு நிகழ்வு சொல்ல வேண்டும்.

2000-ல் ஜப்பானில், ஒசாகா பகுதியில், கொழுப்பு குறைத்த பால் குடித்து 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று விழுந்தார்கள். காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், அதில் சேர்த்த கொழுப்பு நீக்கிய பால் மாவு. அந்த மாவு செய்த தொழிற்சாலையில் சில மாதத்துக்கு முன் சில மணி நேரம் மின்சாரம் போயிருக்கிறது. வெதுவெதுப்பாக நின்ற பாலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கிவிட்டது. பிறகு வெப்பப்படுத்தினார்கள், கிருமி செத்தது. நஞ்சு அப்படியே இருந்தது. இந்த நஞ்சு 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும்.

யோசித்துப் பாருங்கள், அந்த மாவை வளர்ப்புத் தட்டில் போட்டுக் கிருமியைத் தேடினால் ஒரு புள்ளிகூட முளைக்காது. 'கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுதுவோம், அதுவும் உண்மையாகவே இருக்கும். சோற்றில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி கக்கும் செரூலைடு என்ற நஞ்சு இதைவிட மோசம், 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அசையாது. சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டுப் பிறகு நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

#9 எழில்நிலா

நான் இந்தத் துறை இல்லை, கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா. படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. ஒரு சந்தேகம். 2008-ல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்து குழந்தைகள் இறந்தார்களே, அந்தப் பாலை யாருமே சோதிக்கவில்லையா? எப்படி விட்டார்கள்?

#10 குரோமட்டோ

சோதித்தார்கள் அக்கா. அதுதான் கொடுமை. சோதனை இருந்ததால்தான் மெலமைன் கலந்தார்கள்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் புரதத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். அதற்கு ஜோஹான் கெல்டால் 1883-ல் கோபன்ஹேகனில் கண்டுபிடித்த முறை உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. நல்ல முறை, ஆனால் அது புரதத்தை நேராகப் பார்ப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, 'இவ்வளவு புரதம்' என்று சொல்லும். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம். மெலமைனில் 66 சதவீதத்துக்கு மேல். ஆக ஒரு கிராம் மெலமைன் போட்டால் கருவி நாலு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் காட்டும். தண்ணீர் கலந்த பால் சோதனையில் பாஸ் ஆகிவிடும். யாரும் மெலமைனைத் தேடவில்லை, ஏனென்றால் உணவில் பிளாஸ்டிக் தயாரிக்கும் பொருள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள், சிறுநீரகத்தில் கல்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் இதே மெலமைன் பிடிபட்டு, செல்லப்பிராணிகள் செத்திருந்தன. அப்போதே பாலிலும் தேடியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நம் கருவிகள் தேடச் சொன்னதைத்தான் தேடும். பட்டியலில் இல்லாத பொருள் கண் முன்னால் போனாலும் பேசாமல் இருக்கும்.

#11 எழில்நிலா

புரிகிறது. பதில் சொன்னதற்கு நன்றி. இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் போல.

#12 சராசரி

எழில்நிலா, பயப்படுவதோடு நிற்க வேண்டாம், தேடாமலேயே கண்டுபிடித்த கதைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அக்ரிலமைடு.

1997-ல் ஸ்வீடனில் ஹாலண்ட்சோஸ் என்ற இடத்தில் ரயில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். நீர்க் கசிவை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சைச் செலுத்தினார்கள், அது ஓடை நீரில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அங்கேதான் ஆச்சரியம். போகாதவர்கள் ரத்தத்திலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது, அளவு குறைவு, ஆனால் எல்லோரிடமும். கருவிக் கோளாறு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகக் குழு அப்படிச் செய்யவில்லை, எங்கிருந்து வருகிறது என்று நோண்டிக்கொண்டே போனார்கள். மார்கரேட்டா டோர்ன்க்விஸ்ட் அந்தக் குழுவில் முக்கியமானவர். 2002 ஏப்ரலில் விடையை அறிவித்தார்கள்: மாவுச்சத்துள்ள உணவை வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் தானாகவே உண்டாகிறது. அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது. பொன்னிறமும் மணமும் வருகிற அதே வினை.

மனிதன் நெருப்பைப் பிடித்த நாளில் இருந்து தட்டில் இருந்த பொருள், 2002 வரை எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

#13 நேர்வழி

இதைத்தான் நானும் கேட்கிறேன். இப்படித் தேடிக்கொண்டே போனால் எதில்தான் இருக்காது? ஒரேயடியாக 'நச்சுப்பொருள் பூஜ்யம், துளி இருந்தாலும் விற்கக் கூடாது' என்று சட்டம் போட்டால் வேலை முடிந்ததே.

#14 குரோமட்டோ

போட்டுப் பார்த்தார்கள் நண்பரே. அமெரிக்காவில் 1958-ல் டிலேனி விதி என்று ஒன்று வந்தது, மனிதனுக்கோ விலங்குக்கோ புற்றுநோய் தரும் எந்தப் பொருளையும் உணவில் சேர்க்கையாக அனுமதிக்கக் கூடாது என்று. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அப்போது கருவிகள் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்த்தாலே பெரிய விஷயம். ஆனால் அதற்கு முந்தைய வருடமே ஜேம்ஸ் லவ்லாக் எலக்ட்ரான் பிடிப்புக் கருவியைச் செய்திருந்தார், அது பூச்சிமருந்து எச்சத்தை அதைவிட எத்தனையோ மடங்கு நுட்பமாகப் பிடித்தது. பிறகு நூறு கோடியில் ஒரு பங்கு, அப்புறம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உணவு மாறவில்லை, 'பூஜ்யம்' மட்டும் ஒவ்வொரு புதுக் கருவிக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1996-ல் பூச்சிமருந்து எச்சங்களை அந்த விதியில் இருந்து எடுத்துவிட்டு வேறு அளவுகோல் வைத்தார்கள்.

நம் ரிப்போர்ட்டில் 'கண்டறியும் எல்லை' என்று சின்ன எழுத்தில் போடுவது இதைத்தான். கருவியின் வெற்று இரைச்சலைப்போல் (மாதிரியில் ஒன்றும் இல்லாதபோதும் கருவி காட்டும் சின்ன அலைவு) மூன்று மடங்கு உயரத்தில் சமிக்ஞை தெரிந்தால் 'இருக்கிறது' என்போம், பத்து மடங்கு இருந்தால் 'இவ்வளவு இருக்கிறது' என்று எண் தருவோம். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் எங்கள் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். பழைய கருவி வைத்திருக்கும் லேபில் 'கண்டறியப்படவில்லை' என்று வருவது புதுக் கருவியில் 0.3 என்று வரும்.

#15 சராசரி

இந்த இடத்தில் குரோமட்டோவோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அந்த வார்த்தையையே ரிப்போர்ட்டில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்பேன். '1-க்கும் குறைவு, மாதிரி இத்தனை கிலோ, நிச்சயமின்மை இவ்வளவு' என்று எண்ணாகவே போடுங்கள். நாங்கள் மக்கள் எவ்வளவு நஞ்சை உட்கொள்கிறார்கள் என்று கணக்கிடும்போது ஆயிரக்கணக்கான 'கண்டறியப்படவில்லை' வந்து நிற்கிறது. அதைப் பூஜ்யம் என்று எடுத்தால் ஒரு விடை, எல்லை அளவே இருந்தது என்று எடுத்தால் இன்னொரு விடை, பாதி எடுத்தால் மூன்றாவது. சில நேரம் மூன்றுக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம்.

#16 குரோமட்டோ

வார்த்தையை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எல்லைக்குக் கீழே உள்ள எண்ணைப் போட மாட்டேன். இரைச்சலில் இருந்து ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வியாபாரம் நாசமாகும், அல்லது ஒருவன் தைரியமாகச் சாப்பிடுவான். இரண்டுக்கும் நான் காரணமாக முடியாது.

வரம்பு விஷயத்திலேயே விஞ்ஞானிகள் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் இருந்து உணவில் இறங்கும் பிஸ்பினால் ஏ என்ற பொருளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை ஏற்கலாம் என்றது, 2023-ல் அதையே 0.2 நானோகிராம் என்று குறைத்தது. 20,000 மடங்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல், தன் கணக்கில் ஆயிரம் மடங்கு உயர்ந்த ஒரு எண்ணை வைத்தது. இரு பக்கமும் நேர்மையான ஆட்கள்தான், எந்த ஆய்வை எவ்வளவு நம்புவது என்பதில்தான் வேறுபாடு.

#17 பெட்ரித்தட்டு

எனக்கு இருவர் மேலும் வருத்தம். கடைசியில் பொட்டலத்தைச் சோதிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் பக்கத்தில் பாருங்கள். ஒரு லாட்டில் நூறு பாக்கெட்டுக்கு ஒன்றில் சால்மோனெல்லா கிருமி இருக்கிறது என்று வையுங்கள். நாங்கள் வழக்கமாக எடுப்பது 5 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 25 கிராம். அந்த லாட் 'இல்லை' என்று தேறிப்போக வாய்ப்பு 95 சதவீதம். 60 பாக்கெட் எடுத்தால்கூட 55 சதவீதம். 300 பாக்கெட்டை உடைத்துப் பார்த்தால்தான் 5 சதவீதமாகக் குறையும். 300-ஐ உடைத்துவிட்டு எதை விற்பது?

1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்யப் போன பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். விண்ணில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கதை முடிந்தது, அதனால் உறுதி வேண்டும். சோதித்தே உறுதி செய்வதென்றால் செய்த உணவில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும், அனுப்ப மிச்சம் இருக்காது. அங்கிருந்துதான் ஆபத்து எந்தப் படியில் நுழைகிறது என்று பார்த்து அங்கேயே கட்டுப்படுத்தும் முறை வந்தது. இன்றைக்கு ஹாசப் என்று எல்லாத் தொழிற்சாலையிலும் ஒட்டி வைத்திருப்பது அதுதான்.

நிலக்கடலைக்கு அந்தப் படி எது? காய வைப்பது. பருப்பின் நீர்ச் செயல்திறன், அதாவது கிருமி பயன்படுத்தக்கூடிய ஈரத்தின் அளவு, 0.70-க்குக் கீழே போய்விட்டால் இந்தப் பூஞ்சை வளரவே முடியாது. அறுவடைக்கு முன் வறட்சியும் பூச்சிக் கடியும் சேர்ந்தால் வயலிலேயே ஆரம்பித்துவிடும், அதையும் பார்க்க வேண்டும். சோதனைக்குக் கொட்டும் பணத்தில் பாதியை உலர்த்துவதற்குக் கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

#18 குரோமட்டோ

சோதனை என்ற ஒன்று எதிரே நிற்காவிட்டால் யாரும் உலர்த்த மாட்டார்கள் பெட்ரித்தட்டு. இருபது கிலோ எடுத்துத் திருப்பி அனுப்பும் ஒரு ஆள் இருந்ததால்தான் இந்த நண்பர் இங்கே வந்து கேள்வி கேட்டிருக்கிறார்.

#19 சராசரி

சோதனையில் கிடைக்காமலேயே குற்றவாளியைப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2011 மே மாதம், வட ஜெர்மனி. ஓ104 எச்4 என்ற வகை ஈ. கோலி கிருமி. சுமார் 3,800 பேருக்கு நோய், 50-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைச் சொன்னார்கள். வெள்ளரியில் ஈ. கோலி இருந்தது உண்மைதான், ஆனால் அது வேறு வகை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் காயைக் கொட்டி அழித்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்றார்கள். முளைவிட்ட பயறைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான், தட்டின் மேல் அலங்காரமாகத் தூவியதை யார் நினைவில் வைப்பார்கள்? அப்போது ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைப் பிடித்து, ஆளாளுக்கு என்ன வரவழைத்தார்கள் என்று ரசீதையும் அவர்கள் எடுத்த போட்டோக்களையும் பார்த்து, அப்புறம் சமையல்காரரிடம் போய் 'இந்தத் தட்டில் என்னென்ன போடுவீர்கள்' என்று கேட்டார்கள். முளைப்பயறு போன தட்டைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் பல மடங்கு அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு போய் எகிப்தில் இருந்து வந்த வெந்தய விதை வரை சேர்ந்தார்கள். அந்த விதைகளைச் சோதித்ததில் கிருமி கிடைக்கவில்லை. ஆனாலும் விதையை நிறுத்தினார்கள், சரியான முடிவுதான்.

'கண்டறியப்படவில்லை' என்று கையில் காகிதம் இருக்க, ஒரு சமையல்காரரின் வாய்மொழியை நம்பத் துணிந்த அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

#20 நேர்வழி

முதலில் வாதாடச் சொன்னது நான்தான். திரும்பப் பெறுகிறேன். பருப்புமூட்டை நண்பரே, என் பேச்சைக் கேட்டு எதுவும் செய்துவிடவில்லையே?

#21 பருப்புமூட்டை

இல்லை நண்பரே, நல்லவேளை. குரோமட்டோ சார் கணக்கைப் படித்த அன்றே, வாதாடி எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நான்கு வாரம் கழித்து வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

திரும்பி வந்த சரக்கில் இந்த முறை 100 இடத்தில் எடுத்தோம். மூட்டையை அடுக்கில் இருந்து இறக்கி, நடுவில், அடியில், சுவரை ஒட்டி இருந்ததில் எல்லாம் கம்பியைக் குத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கை அளவு, மொத்தம் 20 கிலோ. இரண்டு பேர், ஒரு முழுநாள். சுவரை ஒட்டியிருந்த ஏழெட்டு மூட்டையின் அடிப்பக்கம் லேசாகச் சில்லென்று இருந்தது, கையை வைத்தால்தான் தெரியும். என் அரைக் கிலோ அந்தப் பக்கமே போனதில்லை. லேபில் 20 கிலோவையும் தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்கச் சொன்னேன், அப்போதுதான் அந்த ஒரு பருப்பு எல்லா இடத்துக்கும் பரவும் என்று சார் தனிச் செய்தியில் சொல்லியிருந்தார். விடை 31.

பிறகு ஈரமாக இருந்த மூட்டைகளைத் தனியே ஒதுக்கி, மீதியைத் தோல் நீக்கி, நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தில் ஓட்டி, கடைசியில் பெண்கள் கையாலும் பொறுக்கினார்கள். சுருங்கியது, நிறம் மாறியது, உடைத்தால் உள்ளே சாம்பல் பூத்தது என்று 340 கிலோ வெளியே வந்தது. மீதியில் மறுபடி 100 இடம், 20 கிலோ. விடை 1.8. ரிப்போர்ட்டில் மாதிரி எத்தனை கிலோ, எத்தனை இடம் என்று எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.

இப்போது அந்த 340 கிலோவும் ஈர மூட்டைகளும் கொட்டகையில் தனியாக நிற்கின்றன. மாட்டுத் தீவனத்துக்குக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டார். கொடுக்கலாமா?

#22 பெட்ரித்தட்டு

கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1 ஒரு நாளைக்குள் எம்1 என்ற இன்னொரு வகையாக மாறிப் பாலில் வரும். தின்றதில் சில சதவீதம்தான், ஆனால் அந்தப் பாலைக் குடிப்பது குழந்தைகள். ஐரோப்பாவில் பாலுக்கு எம்1 வரம்பு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம், அதிலிருந்தே எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று தெரியும். எண்ணெய்க்கு ஆட்டினாலும் நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், அந்தப் பிண்ணாக்கு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வான்கோழிகளைக் கொன்றதும் பிண்ணாக்குதான்.

#23 எழில்நிலா

கொடுக்காதீர்கள் அண்ணா.

#24 பருப்புமூட்டை

கொடுக்கவில்லை. எரித்து அழிக்க ஆள் பேசியிருக்கிறேன், நாளை காலை வண்டி வருகிறது. அதுவரை யாரும் தெரியாமல் அவிழ்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மூட்டை மேலும் சிவப்பு மையில் 'நஞ்சு' என்று எழுதிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். கை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.